கைத்தொழில் பக்கம்: கறள் பிடித்த கடைசல் மெசினை இரும்பு விலைக்குக் கொடுக்க வேண்டாம்



பழைய கடைசல் மெசின் ஒன்றை வாங்கலாமா, வாங்கினால் அதைத் துப்புரவாக்கி எடுக்க நம்மால் முடியுமா என்று கேட்டு அண்மையில் மூன்று கடிதங்கள் வந்தன. இந்தப் பக்கத்தில் தையல், கோழி வளர்ப்பு, ஊறுகாய், மிளகாய்த்தூள் என்றே திரும்பத் திரும்ப எழுதி வருவதால், இந்தக் கேள்வியைக் கண்டதும் எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. மூன்றில் ஒரு கடிதம் சிலாபத்திலிருந்து வந்தது. எழுதியவர் யுத்தத்தில் கணவரை இழந்து, வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, இரண்டு பிள்ளைகளோடு அங்கே தங்கிவிட்டவர். இன்னும் இரண்டு பெண்களுடன் சேர்ந்து, மூடப்பட்ட ஒரு தச்சுப் பட்டறையிலிருந்து கடைசல் மெசின் ஒன்றை வாங்கியிருக்கிறார். காசு வாராவாரம் கட்டும் கடனில் எடுத்தது. மெசின் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், அதன் நீண்ட இரும்புப் பகுதி முழுவதும் கறள் ஏறிக் கிடப்பதைக் கவனித்திருக்கிறார்கள். பார்க்க வந்த பழைய இரும்பு வியாபாரி, "இதின்ர பெட் வளைஞ்சு போச்சு தங்கச்சி, இனி இது நிறைக்குத்தான் போகும்" என்று சொல்லி ஒரு விலையும் கேட்டிருக்கிறார். அந்த விலையில் கடனில் கால்வாசி கூட அடையாது. கொடுப்பதா வைத்திருப்பதா என்பதுதான் அவருடைய கேள்வி.

இதற்குக் கடிதத்தில் பதில் எழுத முடியாது, இரும்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆகவே நேரில் போனேன். இரண்டு நாட்கள் நாங்கள் நான்கு பேரும் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மெசினைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மரத் துண்டைச் சுழல விட்டு, உளியை அசையாமல் பிடித்து உருட்டாக வெட்டி எடுப்பதே கடைசல். கட்டில் கால், ரொட்டி உருளை, பம்பரம், சிரட்டை அகப்பையின் பிடி, சிறு உரல் எல்லாம் இப்படித்தான் வருகின்றன. நெல்லைப் பக்கத்து அம்பாசமுத்திரத்தில் பிள்ளைகளுக்கான மரச் சொப்புச் சாமான்களைக் கடைந்துதான் செய்கிறார்கள். நமது நாட்டின் தென்கரையில், காலி, வெலிகமப் பக்கத்துப் பெண்கள் பின்னும் பீரளு ரேந்தைக்கு நூல் சுற்றும் சிறிய மரக்கட்டைகளும் கடைசல் வேலைதான். ரேந்தை பின்னுவது பெண் வேலை, அதற்குக் கட்டை கடைவது மட்டும் ஆண் வேலை என்று யார் பிரித்துவைத்தார்களோ தெரியவில்லை. கடைசலுக்குத் தோள் பலத்தை விடக் கைப்பழக்கமும் பொறுமையும்தான் அதிகம் வேண்டும்.

மெசினில் ஒரு பக்கம் மோட்டரோடு சேர்ந்த தலைப்பகுதி இருக்கும். மறுபக்கம் மரத்தின் அடுத்த நுனியைத் தாங்கும் வால்பகுதி. நடுவில் உளியைச் சாய்த்துப் பிடிக்கும் தாங்கி. இவை எல்லாவற்றையும் சுமப்பது நீளமான இரும்புத் தளம். பட்டறைக்காரர்கள் இதைத்தான் பெட் என்பார்கள். நாம் படுக்கை என்றே சொல்வோம். பெரும்பாலும் வார்ப்பிரும்பில் இரண்டு தண்டவாளம் போல இருக்கும். மரத்தின் நீளத்துக்கு ஏற்ப வால்பகுதியையும் தாங்கியையும் இதன் மேல் தள்ளி, அடியிலுள்ள நட்டை இறுக்கி நிறுத்துவோம். படுக்கை சொரசொரத்துக் கிடந்தால் இரண்டும் தள்ள வராது. தள்ளி இறுக்கினாலும் சரியாகப் பிடிக்காது. வேலை நடக்கும்போது வால்பகுதி நழுவினால், சுழலும் மரம் கழன்று முகத்துக்கு வரும். ஆகவே படுக்கையைத் துப்புரவாக்குவது அழகுக்காகச் செய்யும் வேலை அல்ல.

சிலாபத்தில் கறளுக்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் தெதுறு ஓயாவும். அடுக்களையில் உப்புப் போத்தலின் மூடியைத் திறந்து வைத்தால் உப்பு கசியும் அல்லவா? காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டும்போது உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்காற்று கொண்டுவந்து படிய விடும் உப்புத்தூளும் இரும்பின் மேல் இதையே செய்கிறது. மழை ஒரு துளி விழாமலே இரும்பு நனைந்துவிடுகிறது. அதன் மேல் மரத்தூளும் குவிந்திருந்தால் ஈரம் காயவே காயாது. இன்னொன்றும் உண்டு. கருவாடு பிரித்த கையை அரைகுறையாகக் கழுவிவிட்டு மெசினைத் தொட்டால், மறுநாள் ஐந்து விரலும் கறளில் பதிந்திருக்கும். அந்த வீட்டில் படுக்கையின் ஓரத்தில் அப்படி ஒரு கை அடையாளத்தைப் பார்த்துச் சிரித்தோம்.

வேலை தொடங்குமுன் பிளக்கைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தோம். சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிள்ளைகள் உள்ள வீடு. மோட்டரையும் தலைப்பகுதியையும் பழைய சேலைத் துணியால் மூடிக் கட்டினோம். கறள் தேய்க்கும்போது பறக்கும் தூள் பேரிங்குக்குள் போனால், கறளை விடப் பெரிய செலவு வரும். பிறகு வால்பகுதியையும் தாங்கியையும் நட்டைத் தளர்த்தி முழுதாகக் கழற்றி எடுத்தோம். அவற்றை அங்கேயே விட்டு இடைவெளியில் மட்டும் தேய்ப்பவர்கள் அதிகம். உண்மையில் மோசமான கறள் அவற்றின் அடியில்தான் இருக்கும்.

முதல் வேலை உலர்ந்த வேலை. தும்புத் துடைப்பத்தால் மரத்தூள் முழுவதையும் கூட்டினோம். நாள்பட்ட கிறீசும் மரத்தூளும் சேர்ந்து தார் போல ஒட்டியிருந்ததை மரச் சீவலால் சுரண்டினோம். கத்தி, சுத்தியல் எதுவும் அதற்கு வேண்டாம். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய். துணியை நனைத்துப் படுக்கை முழுவதும் தடவி, கால் மணித்தியாலம் ஊறவிட்டுத் துடைத்தால், பழைய எண்ணெய்ப் பிசுக்கு கரைந்து வரும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த சகோதரிகளுக்கு மண்ணெண்ணெயைத் துணியில் ஊற்றிச் செலவழிக்க இன்றைக்கும் மனம் வராது. ஜாம் போத்தல் விளக்கில் சொட்டுச் சொட்டாக எரித்த எண்ணெய் அது. கவலை வேண்டாம், இந்த வேலை முழுவதற்கும் ஒரு போத்தல் தாராளம். அடுப்பிலிருந்து தள்ளி, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பெற்றோலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இதற்குப் பாவிக்கக் கூடாது.

பிசுக்குப் போன பிறகுதான் கறளின் உண்மையான நிலை தெரியும். செம்மண் போலத் தூளாக இருப்பது மேலோட்டமான கறள். கறுத்து, செதில் செதிலாகத் தடித்திருப்பது நாள்பட்டது. நாங்கள் பார்த்த படுக்கையில் முக்கால்வாசி முதல் வகை. பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தேய்ப்பானை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்தபோதே இரும்பின் சாம்பல் நிறம் தெரியத் தொடங்கிவிட்டது. செதில் இருந்த இடங்களைப் பழைய பிளேடைச் சரிவாகப் பிடித்துச் சீவினோம். மிச்சத்துக்கு எமரிக் கடதாசி. 240 இலக்கத்தில் தொடங்கி 400இல் முடித்தோம். எமரியை விரலில் சுற்றித் தேய்க்கக் கூடாது. விரல் பள்ளத்துக்குள் அழுந்தும், பள்ளம் இன்னும் ஆழமாகும். தட்டையான மரக்கட்டையில் சுற்றி, படுக்கையின் நீளவாக்கில், வால்பகுதி ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. கண்ணாடி போல மினுங்க வேண்டும் என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். அயலிலிருந்து உதவிக்கு வந்த தம்பி ஒருவர், "அக்கா, கிரைண்டர் கொண்டு வாறன், அஞ்சு நிமிசத்தில முடிச்சிடலாம்" என்றார். நல்ல மனம்தான். ஆனால் கிரைண்டர் பட்ட இடம் குழியாகிவிடும். குழிந்த படுக்கையை நேராக்கப் பெரிய பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கறள் அரித்த சிறு புள்ளிப் பள்ளங்கள் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அவை வால்பகுதியின் ஓட்டத்தைத் தடுக்காது. தடுப்பது மேலே துருத்திக்கொண்டிருக்கும் மேடுதான். நகத்தை வைத்து நீளமாக இழுத்துப் பாருங்கள். நகம் எங்கும் இடறாமல் போனால் வேலை முடிந்தது.

நாள்பட்ட கறள் இருந்த இரண்டு இடங்களுக்கு வினாகிரி பாவித்தோம். மாறவில, மாதம்பைப் பக்கமெல்லாம் கள் இறக்கும் தென்னந்தோட்டங்கள் உள்ள பகுதி என்பதால் அங்கே தென்னங்கள் வினாகிரிக்குக் குறைவில்லை. ஆனால் நல்ல வினாகிரியைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கறளுக்கு மலிவான செயற்கை வினாகிரியே போதும், இரண்டிலும் வேலை செய்வது அசற்றிக் அமிலம்தான். துணியை நனைத்துக் கறளின் மேல் போட்டு, மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். இரவு முழுவதும் விட்டுவிட்டுப் போகக் கூடாது, நல்ல இரும்பையும் அது தின்னும். கறள் இளகியதும் தேய்த்து எடுத்து, அப்பச்சோடா கரைத்த நீரால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். உடனே என்றால் உடனேதான். கழுவிய வெறும் இரும்பு அந்தக் காற்றில் நம் கண் முன்னாலேயே மஞ்சளாகும். அதனால் இதை வெயில் ஏறிய ஒரு காலை நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கடையில் விற்கும் கடுமையான அமிலங்களைச் சிலர் சொல்லுவார்கள். கக்கூஸ் கழுவும் அமிலத்தின் ஆவி பட்டால் அருகிலுள்ள நல்ல இரும்பும் கறள் பிடிக்கும். அதை வெளிற்றும் திரவத்தோடு கலந்தாலோ உயிருக்கே ஆபத்தான வாயு வரும். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

பழைய மெசினின் கால், பக்கங்களில் உள்ள பெயின்றையும் இதே சூட்டில் எமரியால் தேய்த்துவிடத் தோன்றும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் பிள்ளைகளின் மூச்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போகும். பெயின்ற் உரிந்திருந்தால் ஈரத் துணியால் துடைத்து, மேலால் புதுப் பூச்சு ஒன்று கொடுத்தால் போதும்.

முதல் நாள் பின்னேரம் படுக்கை துப்புரவாகிவிட்டது. கழற்றிய பகுதிகளின் அடிப்பக்கம், அடியில் பிடிக்கும் தகடு, நட்டின் புரி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினோம். வால்பகுதி ஒரு கையால் தள்ளப் போய் நின்றது. சந்தோஷத்தோடு தலைப்பகுதியின் கூர்முனையையும் வால்பகுதியின் கூர்முனையையும் கிட்டக் கொண்டுவந்து பார்த்தோம். நல்ல மெசினில் இரண்டு முனையும் ஊசியும் ஊசியும் போல நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை. ஒன்றுக்கொன்று ஒரு நெல்மணி அளவுக்கு விலகி நின்றன.

அந்தச் சகோதரியின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப அவர் சொன்னது சரிதானே அக்கா, வளைஞ்சுதானே இருக்கு" என்றார். அன்றிரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த தவணைக்கு நான்கு நாட்கள்தான் இருந்தன.

வார்ப்பிரும்பு அவ்வளவு எளிதில் வளையாது. அடி பட்டால் வெடிக்கும், நிரந்தரமாக வளைவது அருமை. மறுநாள் காலை முதலில் வெடிப்புத் தேடினோம். சிறிய சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும், வெடித்தது சட்டி போலச் சத்தமிடும். கணீர் என்றே ஒலித்தது. தையல் நூலைப் படுக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விறைப்பாக இழுத்துப் பிடித்துப் பார்த்தோம். அடியில் எங்கும் வெளிச்சம் தெரியவில்லை. அதன் பிறகுதான் கீழே பார்த்தோம். மெசினை ஏற்றியிருந்த மேசை மண் தரையில் ஒரு மூலை தாழ்ந்து நின்றது. மெசினின் நான்கு கால்களையும் அந்தச் சாய்ந்த மேசையோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஈரச் சேலையை முறுக்குவது போல, போல்ட் இறுக இறுகப் படுக்கை முறுகும். நூல் இந்த முறுக்கைக் காட்டாது, கூர்முனைகள்தான் காட்டும். நான்கு போல்ட்டையும் தளர்த்தினோம். ஒரு கால் மேசையைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நின்றது. மேசையின் தாழ்ந்த காலுக்குச் செங்கல்லும், மெசினின் தூக்கிய காலுக்குக் கீழே வெட்டிய தகரத் துண்டும் வைத்தோம். மூன்றாவது தகரம் வைத்து இறுக்கியபோது முனையும் முனையும் முத்தமிட்டன. இரும்பு வியாபாரி பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் ஆராயப் போகவில்லை. பழைய மெசினை எவராவது வளைந்தது என்று சொன்னால், விலை பேசுமுன் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள்.

இனிப் பாதுகாப்பு. தென்னை முக்கோணத்தில் இருந்துகொண்டு தேங்காயெண்ணெய் பூசாதீர்கள் என்று சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் அது நாட்படக் காறிப் புளிக்கும், அதில் உருவாகும் அமிலம் இரும்புக்கு ஆகாது. நல்லெண்ணெய் காய்ந்து பசையாகும். பழைய என்ஜின் ஒயில் மலிவாகக் கிடைக்கும் என்றாலும் அதிலும் அமிலக் கழிவு உண்டு. தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய்க்கும் இடமுண்டு. கிறீஸ் பூசினால் மரத்தூள் முழுவதும் அதில் வந்து ஒட்டும். மரக் கடைசலுக்கு மிகப் பொருத்தமானது மெழுகு. நிலத்துக்குப் பூசும் நிறமில்லாத மெழுகு பொலிஷ் நல்லது. சிவப்புப் பொலிஷ் மரத்தில் கறையாகும். அதுவும் இல்லையென்றால் வீட்டிலிருக்கும் மெழுகுதிரியையே படுக்கையின் மேல் தேய்த்து, துணியால் அழுத்தித் துடைக்கலாம். தேன்மெழுகு கிடைப்பவர்கள் ஒரு பங்கு மெழுகைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, நெருப்பிலிருந்து தூரக் கொண்டுபோன பின் மூன்று பங்கு ரேப்பன்ரைன் சேர்த்து ஆறவிட்டால் களிம்பு கிடைக்கும். மெல்லியதாகப் பூசி, கால் மணித்தியாலம் கழித்துத் துடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி மெழுகு நின்றால் அது கூடிவிட்டது என்று அர்த்தம். வால்பகுதியின் திருகுப் புரிகளுக்கு மட்டும் தையல் மெசின் ஒயில் இரண்டு சொட்டு. சிலிக்கன் கலந்த தெளிப்புகளைப் பாவிக்க வேண்டாம். அவை மரத்தில் பட்டால் பிறகு வார்னிஷ் பிடிக்காது.

சிலாபத்தில் மாதத்துக்கு ஒரு தடவை மெழுகு பூசச் சொல்லியிருக்கிறேன். சித்திரை மழைக்கும், ஒக்ரோபர், நவம்பர் மழைக்கும் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை. பச்சை மரம் கடையும் நாட்களில் வேலை முடிந்ததும் துடைக்காமல் போகவே கூடாது. மரச் சாற்றிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பில் பட்டதும் மை போலக் கறுப்பாகும், மரத்திலும் கறை ஏறும். மூடுவதற்குப் பருத்தித் துணி நல்லது. பிளாஸ்ரிக் தாளால் இறுகக் கட்டினால் இரவில் உள்ளே வியர்த்து, மறுபடி கறள்தான்.

கிழக்கிலும் வடகிழக்குக் கரையிலும் 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பின் எத்தனையோ தையல் மெசின்களும் பட்டறைச் சாமான்களும் கடல் நீர் பட்டதால் வீசப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் சிலாபம் பக்கத்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் புரிந்திருக்கும். வெள்ளம் அல்லது கடல் நீர் பட்ட இரும்பை அப்படியே எண்ணெய் போட்டு மூடக் கூடாது. உப்பும் சேறும் உள்ளே இருந்து அரிக்கும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, முழுதாக உலர்த்தி, அதன் பிறகே மெழுகும் எண்ணெயும். மோட்டரை மட்டும் தொழில் தெரிந்தவர் பார்த்துச் சொல்லும் வரை மின்சாரத்தில் மாட்டவே கூடாது.

சிலாபத்து மூவரும் இப்போது அகப்பைப் பிடிகளும் ரொட்டி உருளைகளும் கடைகிறார்கள். முதல் தொகுதியைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று, அந்த வாரத் தவணையைக் கட்டிவிட்டதாக எழுதியிருந்தார். கடன் இன்னும் நிறைய இருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை.

மண்ணெண்ணெயும் ரேப்பன்ரைனும் பட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். வெளியே விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள். மெசின் ஓடும்போது கூந்தலை முடிந்து, சேலைத் தலைப்பையோ சோலையோ இறுகச் செருகிக்கொள்ளுங்கள். கண்ணாடி அணியாமல் உளியைத் தொட வேண்டாம். உளி தீட்டுவது எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள், அதை அடுத்த மாதம் எழுதுகிறேன். உங்களிடமுள்ள உளியின் வாய் வட்டமா, நேரா, சரிவா என்பதைக் கடதாசியில் வைத்து வரைந்து அனுப்பினால் எனக்கு உதவியாக இருக்கும்.